நினைவு இல்லத்தில் ஆறு பருவங்கள்: ஊர் கூடும் நிகழ்வுகளை நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

நம் ஊர்களில் உள்ள நினைவு இல்லங்களின் முன்நடையில், நூலில் கட்டிய பேனாவோடு ஒரு வருகைப் பதிவேடு கிடக்கும். அதைப் பொறுமையாகப் புரட்டினால் அந்த வீட்டின் ஓராண்டு வாழ்வு முழுவதும் தெரிந்துவிடும். பிறந்தநாளன்று நான்கு பக்கங்கள் கையெழுத்துகளால் நிரம்பியிருக்கும். நினைவுநாளன்று மேலும் இரண்டு பக்கங்கள். இடைப்பட்ட மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு பெயர் இருந்தால் அதிகம். மாலை அணிவித்துப் படம் எடுத்துக்கொண்டு போனபின், மறு ஆண்டு வரை அந்த வீடு காப்பாளரின் துடைப்பத்தையும் வௌவாலின் சிறகையும் மட்டுமே அறியும்.

வீடு என்பது ஆள் புழங்குவதற்காகக் கட்டப்பட்டது. புழங்காத வீட்டில் கரையான் ஏறுவதும் ஓட்டு இடுக்கில் மழைநீர் இறங்குவதும் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே ஒரு நினைவு இல்லத்திலோ பழைய வீட்டு அருங்காட்சியகத்திலோ பருவந்தோறும் மக்கள் கூடும் நிகழ்வுகளை நடத்துவது, அந்த வீட்டைக் காப்பாற்றும் பணியின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். எங்கள் ஊரின் சிறிய நினைவு இல்லம் ஒன்றில் தன்னார்வலராகப் பல ஆண்டுகள் இருந்து, சரியாகச் செய்தவற்றிலும் தவறாகச் செய்தவற்றிலும் கற்றதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஆசிரியர்கள், வாசகர் வட்டத்தினர், ஊர் இளைஞர்கள், காப்பாளர்கள் எல்லோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வீட்டைப் படித்தல்

நிகழ்ச்சி நிரலை எழுதுவதற்கு முன் வீட்டை ஒரு வாரம் படிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஐந்து மணிக்கும் தனித்தனியே போய், வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, முற்றத்தில் நிழல் எப்போது வருகிறது, காற்று எந்தச் சன்னல் வழியாக நுழைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திண்ணை, நடை, கூடம், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம், கொல்லைப்புறம் என்று ஒவ்வொரு பகுதியையும் நாடாவால் அளந்து, ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். அந்தத் தாள்தான் இனி வரும் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை.

எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம் என்பதை அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். தரையில் அமர ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் இடம், நடமாட வழி தனி என்று கணக்கிட்டால், பெரியதாகத் தோன்றும் கூடமும் நாற்பது பேருக்குமேல் கொள்ளாது என்பது புரியும். மாடியைப் பொறுத்தவரை என் கருத்து கடுமையானது. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மட்டப்பாத் தளத்தில், கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் சொல்லாதவரை, கூட்டமாக யாரையும் ஏற்றக் கூடாது. உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில்தான் முதலில் உளுக்கும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

மின் இணைப்பையும் பார்த்துவிடுங்கள். பழைய மரப்பலகைச் சுவிட்சுகளில் ஒலிபெருக்கியையும் விளக்குகளையும் மாட்டுவது பெரும் ஆபத்து. நிகழ்வுக்கென வெளியிலிருந்து தனி இணைப்போ மின்னாக்கியோ ஏற்பாடு செய்துகொள்வதே முறை.

இரண்டாம் படி: வீடு யாருடையது, யாரைக் கேட்க வேண்டும்

தமிழ்நாட்டில் அரசின் பொறுப்பில் உள்ள நினைவு இல்லங்களும் மணிமண்டபங்களும் பெரும்பாலும் செய்தி மக்கள் தொடர்புத் துறையால் பராமரிக்கப்படுகின்றன. விண்ணப்பத்தை மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் வழியாக அனுப்ப வேண்டும். சில வீடுகள் அறக்கட்டளை அல்லது கல்வி நிறுவனத்திடம் இருக்கும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த வீட்டை 2003-ஆம் ஆண்டு சாஸ்திரா பல்கலைக்கழகம் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. குடும்பத்தினரே வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே வீட்டின் மூத்தவரை நேரில் போய்ப் பார்த்துப் பேசுவதற்கு ஈடாக எந்தக் கடிதமும் ஆகாது.

விண்ணப்பத்தில் நிகழ்ச்சியின் பெருமையைவிட, எத்தனை பேர் வருவார்கள், வீட்டின் எந்தப் பகுதி பயன்படும், எதைத் தொடமாட்டோம், சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவற்றையே எழுதுங்கள். அனுமதி தருபவரின் மனத்தில் இருக்கும் அச்சங்கள் இவைதாம். தெருவில் ஊர்வலம் போவதற்கும் ஒலிபெருக்கி வைப்பதற்கும் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஓராண்டு அட்டவணையை முன்னதாகவே கொடுத்து ஒரே முறை இசைவு கேட்பது, ஒவ்வொரு நிகழ்வுக்கும் அலைவதைவிட நல்லது.

மூன்றாம் படி: ஆண்டு அட்டவணையைப் பருவத்தின்மேல் எழுதுதல்

பெரும்பாலான குழுக்கள் ஆங்கில நாள்காட்டியை எடுத்துச் சிறப்பு நாள்களை வட்டமிட்டு அட்டவணை போடுகின்றன. நான் பரிந்துரைப்பது வேறு. நம் முன்னோர் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளைக் கோடுகளாகப் போட்டுக்கொண்டு, அவற்றின்மேல் அந்த வீட்டுக்கு உரியவரின் நாள்களை வையுங்கள். பழைய வீடு கட்டப்பட்டதே பருவத்தை எண்ணித்தான். முற்றம் மழைக்காகவும், திண்ணை வெயிலுக்காகவும், கொல்லைக் கிணற்றடி கோடைக்காகவும் அமைந்தவை. பருவத்தோடு நடத்தும் நிகழ்வில் வீடே பாதி வேலையைச் செய்துவிடும்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் இது குழந்தைகளின் பருவம். ஏப்ரல் 18 உலக மரபு நாளாகவும், மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாளாகவும் இப்பருவத்திலேயே வருகின்றன. ஆனால் நேரத்தைக் காலை ஏழு முதல் பத்துவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பதினோரு மணிக்குமேல் குழந்தைகளை வரச்சொல்வது தவறு. திண்ணையில் பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும், தாழ்வாரத்தில் பனையோலையில் கிலுகிலுப்பையும் காற்றாடியும் முடைதல், கூடத்தில் ஒரு பாட்டி சொல்லும் கதை ஆகியவை போதும். வாசலுக்கு வெளியே நீர்மோர்ப் பந்தல் வைத்தால், வழியில் போகிறவர்கள் நின்று, மோர் குடித்து, உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்தும் அந்த வீட்டுக்குள் ஒருமுறைகூட வராத ஒருவர், முதன்முதலில் வந்தது ஒரு குவளை மோருக்காகத்தான்.

முதுவேனில் (ஆனி, ஆடி): பெருந்தலைவர் காமராசரின் பிறந்தநாளான ஜூலை 15, பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுவதால், விருதுநகரில் அவர் வாழ்ந்த இல்லத்துக்கும் சென்னை திருமலைப்பிள்ளை சாலையில் உள்ள இல்லத்துக்கும் இது முதன்மையான நாள். மற்ற வீடுகளுக்கு இந்தப் பருவத்தில் நான் சொல்ல விரும்பும் நிகழ்வு ஒன்றே ஒன்று. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஐப்பசி மழைக்கு முன்பாகக் கூரையைப் பார்த்து, உடைந்த ஓடுகளை மாற்றி, பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சைச் சரிசெய்தாக வேண்டும். இந்த வேலையை ஆள் வைத்து அமைதியாக முடித்துவிடுவதே வழக்கம். அதை ஓர் ஊர் நிகழ்வாக்குங்கள். ஓடு மாற்றத் தெரிந்த பெரியவர் ஒருவரையும், சுண்ணாம்புக் கலவை அறிந்த கொத்தனார் ஒருவரையும் ஆசான்களாக அழைத்து, உரிய கூலியோடு மரியாதையும் செய்து, ஊரார் முன்னிலையில் வேலையை நடத்தச் சொல்லுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லின்மேல் தண்ணீர் விட்டதும் அது சீறிப் பொங்கி வெந்து நீறாவதைப் பார்த்த குழந்தை அதை மறக்காது. தொட்டியிலிருந்து ஆறடி தள்ளி நிறுத்தி, கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர் கலவையில் ஏன் சேர்கிறது, சிமெண்டும் பிளாஸ்டிக் வண்ணமும் பூசிய பழைய சுவர் ஈரத்தை வெளியேற்ற முடியாமல் ஏன் உதிர்கிறது என்பதையெல்லாம் கொத்தனார் கரண்டியால் தட்டிக் காட்டும்போது, பத்துச் சொற்பொழிவுகளுக்கு இணையான பாடம் நடக்கிறது. நாட்டு ஓட்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கும் முறையைத் தரையிலேயே ஒரு சிறு சட்டகம் அமைத்துக் காட்டலாம். பொதுமக்கள் யாரும் கூரையேற வேண்டியதில்லை. வந்தவர்கள் தம் பெயரை ஓட்டின் அடிப்பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், அந்த ஓடு கூரைக்குப் போகும். பிறகு ஒவ்வொரு பெருமழைக்கும் அவர்களுக்கு அந்த வீட்டின் நினைவு வரும். சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதற்குக் காலம் தேவை என்பதால், ஆடி முடிவதற்குள் இதை நடத்திவிட வேண்டும்.

கார் (ஆவணி, புரட்டாசி): நினைவு இல்லங்களுக்கு மிகவும் நெருக்கமான காலம் இது. செப்டம்பர் 5 ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சிதம்பரனாரின் பிறந்தநாள், செப்டம்பர் 11 தமிழ்நாடு அரசு மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கும் பாரதியாரின் நினைவுநாள், செப்டம்பர் 15 காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அண்ணாவின் பிறந்தநாள். சென்னையில் உள்ள இல்லங்களுக்கு ஆகஸ்ட் 22 சென்னை நாளும் சேர்ந்துகொள்கிறது. இத்தனை நாள்கள் அடுத்தடுத்து வருவதால், எல்லாவற்றையும் செய்ய முயன்று களைத்துவிடாமல், உங்கள் வீட்டுக்கு உண்மையாகவே தொடர்புள்ள நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசியில் வரும் நவராத்திரிக்குக் கொலு வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இருந்திருந்தால் வைக்கலாம். இல்லாத வீட்டில் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. வைப்பதானால், தெருவின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொம்மையை இரவல் வாங்கி, யார் வீட்டுப் பொம்மை, எந்த ஆண்டு எந்த ஊரில் வாங்கியது என்று சிறு அட்டையில் எழுதி வைக்கும் தெருக் கொலுவே சிறந்தது. படிகளைச் சுவரில் சாய்க்காமல் ஓரடி தள்ளித் தனியே நிறுத்துங்கள். அருங்காட்சியகத்தின் பொருள்கள் எதையும் கொலுப்படியில் சேர்க்கக் கூடாது. பத்து நாள் கூட்டத்தில் எது இரவல், எது இல்லத்துக்கு உரியது என்ற கணக்குக் குழம்பிவிடும்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொட்டும் காலம். பெரிய கூட்டங்களை இப்போது திட்டமிட வேண்டாம். முற்றத்தில் மழை விழும் ஓசையோடு தாழ்வாரத்தில் இருபது பேர் அமர்ந்து நடத்தும் வாசிப்பு மாலைதான் இப்பருவத்துக்கு ஏற்றது. சுக்குக் காப்பியும் அவித்த கடலையும் திண்ணையில் தரலாம், உள்ளே வேண்டாம். நவம்பர் 19 முதல் 25 வரை வரும் உலக மரபு வாரத்தில், அடுத்த தெருவின் பழைய வீடுகளையும் சேர்த்து ஒரு மரபு நடையை வைத்துக்கொள்ளலாம், மழை விட்டால்.

கார்த்திகைத் தீபத்தைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓராண்டு எங்கள் இல்லத்தின் முற்றத்தைச் சுற்றி நூற்றெட்டு அகல் விளக்குகளை வைத்தோம். பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. மறுநாள் காலை விளக்குகளை எடுத்தபோது, ஒவ்வொன்றின் கீழும் கறுத்த வட்டம் ஒன்று இருந்தது. புது மண் அகல் எண்ணெயைக் கசியவிடும் என்பது பாட்டிமார் அனைவருக்கும் தெரிந்த செய்தி. நாங்கள் யாரையும் கேட்கவில்லை. சுண்ணாம்புத் தரை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டுவிட்டது. தவிடு தேய்த்தோம், வெந்நீர் விட்டோம். சில வட்டங்கள் இன்றும் இருக்கின்றன. அதன் பிறகு, அகல்களை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, ஒவ்வொன்றையும் ஒரு மண்தட்டின்மேல் வைத்து, வாசலுக்கு வெளியே திண்ணைக்குக் கீழ் மட்டுமே ஏற்றுகிறோம். மரத்தூணுக்கும் விளக்குக்கும் இடையே மூன்றடி இடைவெளி, பக்கத்தில் மணல் வாளி, அணையும்வரை இருவர் காவல்.

பாரதியாரின் பிறந்தநாளான டிசம்பர் 11-உம் கார்த்திகைக் கடைசியில்தான் வருகிறது. சென்னை திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் கடைசியாக வாழ்ந்த வீட்டை 1993-ஆம் ஆண்டு அரசு வாங்கி நினைவு இல்லமாக்கியது. அந்த இல்லத்தை ஒட்டி வானவில் பண்பாட்டு மையம் நடத்தும் ஜதி பல்லக்கு ஊர்வலம், வீட்டு அருங்காட்சியக நிகழ்வுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று. எட்டயபுரம் அரசருக்குப் பாட்டாகவே எழுதிய கடிதமான சீட்டுக்கவியில் தமக்கு ஜதி பல்லக்கு முதலான பரிசுகள் வேண்டும் என்று பாரதி கேட்டார். வாழ்நாளில் அது அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கேட்ட அந்தப் பல்லக்கில் அவரது சிலையை வைத்து, பார்த்தசாரதி கோயில் பக்கமிருந்து அவர் நடந்த அதே தெருக்கள் வழியாக இல்லத்துக்குச் சுமந்து வருகிறார்கள். கவிஞரின் சொல்லிலிருந்தே நிகழ்வு பிறந்திருப்பதையும், பெருங்கூட்டம் தெருவில் இருக்க வீட்டுக்குள் நெரிசல் குறைவதையும் கவனியுங்கள். இதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் இல்லத்துக்கு உரியவர் எதைக் கேட்டார், எதைச் சொல்லிவிட்டுப் போனார் என்று தேடுங்கள்.

முன்பனி (மார்கழி, தை): மார்கழியில் தெருவாசலில் கோலம், தையில் பொங்கல். கோலத்தை அரிசிமாவில், தெருவில் மட்டும் இடச் சொல்லுங்கள். கல்மாவு காலோடு உள்ளே வந்தால் பழைய தரையின் மெருகைத் தேய்த்துவிடும். பொங்கல் அடுப்பு வாசலுக்கு வெளியே, ஓலைப்பந்தலோ தொங்கும் துணியோ மேலே இல்லாத வெட்டவெளியில் இருக்கட்டும். டிசம்பர் 22 இராமானுஜனின் பிறந்தநாள். 2012 முதல் அது தேசியக் கணித நாள். கும்பகோணத்து வீட்டின் முன்னறையில், தெருவைப் பார்த்த சன்னலை ஒட்டிப் போடப்பட்ட கட்டிலை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்தக் கட்டிலில் யாரையும் அமரவைக்க முடியாது. ஆனால் வெளித்திண்ணையில் பத்துச் சிறுவர்களைச் சிலேட்டும் பலப்பமுமாக அமரவைத்து ஒரு கணக்கைப் போடச் சொல்ல முடியும். தாளுக்குச் செலவிட வழியில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதியவர் அவர் என்பதைப் பிறகு சொன்னால், அந்தச் சிறுவர்கள் தங்கள் முழங்கையைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

பின்பனி (மாசி, பங்குனி): தேர்வுக் காலம் ஆதலால் பள்ளிகளை எதிர்பார்க்க வேண்டாம். இது முதியவர்களின் பருவமாக இருக்கட்டும். ஊரின் பெரியவர்களை, தங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு பழம்பொருளோடு வரச் சொல்லி, அதைப் பற்றிப் பேசச் சொல்லி, கைப்பேசியிலேயே பதிவு செய்யுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம், ஒரு மாலைக்கு ஆறு பேர்.

நான்காம் படி: யார் வருகிறார்கள், யார் வரவில்லை

அழைப்பிதழ் அச்சடிப்பதற்கு முன் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் இன்று காப்பாற்றும் பெரிய வீடுகள் பலவற்றில், ஒரு காலத்தில் எல்லோருக்கும் நுழைவு இருந்ததில்லை. சிலர் திண்ணையோடு நிறுத்தப்பட்டனர். சிலர் கொல்லைப்புற வழியாக மட்டுமே வந்து, வேலை செய்து, அவ்வழியாகவே போயினர். நெல் குத்தியவர்களும் துணி வெளுத்தவர்களும் மாட்டுக்கொட்டில் பார்த்தவர்களும் அந்த வீட்டின் வரலாற்றில் பங்குள்ளவர்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அதே ஊரில்தான் இருப்பார்கள். அவர்களை முன்வாசல் வழியாக, மற்றவர்களைப் போலவே அழைப்பிதழ் கொடுத்து அழையுங்கள்; அவர்கள் நினைவுகளையும் கூடத்தில் அமரவைத்துப் பதிவு செய்யுங்கள். வீட்டின் கதை அப்போதுதான் முழுமையாகும். எங்கள் இல்லத்தில் நெல்குதிர் இருந்த இடம் எது என்பதை எங்களுக்குக் காட்டியவர், அங்கே நெல் அளந்தவரின் மகள்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இந்த வகையில் நல்ல வழி காட்டியிருக்கிறது. தென்னிந்தியாவின் பல பகுதிகளிலிருந்து இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டிய அந்த வளாகத்தில், செட்டிநாட்டு வணிகர் வீடும் அக்கிரகார வீடும் இருப்பதுபோலவே நெசவாளர், உழவர், குயவர் வீடுகளும் இருக்கின்றன. உங்கள் குழுவினரோடு ஒரு நாள் போய்ப் பார்த்துவருவது பயனுள்ளது; செவ்வாய்க்கிழமை விடுமுறை.

சக்கர நாற்காலியில் வருபவருக்கு உயரமான படியும் வாசற்படியும் பெருந்தடை. கல்லை உடைக்காமல், மேலே வைத்து எடுக்கக்கூடிய மரச் சாய்தளம் ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். படியின் உயரத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் இருந்தால்தான் ஏற முடியும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி.

ஐந்தாம் படி: பொருள்களைக் காத்தல்

நிகழ்வுக்கு முதல் நாள், எளிதில் கெடும் பொருள்களை ஓர் அறையில் பூட்டிவிடுங்கள். கையெழுத்துப் படிகள், துணி, பழைய நிழற்படங்கள் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு ஒளியே அருங்காட்சியகங்களில் ஏற்கப்பட்ட வரம்பு. வெயில் நேராக விழும் இடத்தில் அது பல்லாயிரம் லக்ஸ். ஆகவே கூட்டத்துக்குக் காட்டுவதற்கு நல்ல நகல்களைச் செய்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை. நகல் என்று அதன்மேல் எழுதியும் வையுங்கள்.

மாலையை உருவப்படத்தின் சட்டத்தில் நேரடியாகப் போடுவதை நிறுத்த வேண்டும். ஈரமான பூவிலிருந்து வடியும் நீர் கண்ணாடிக்குள் இறங்கிப் படத்தின் அடிவிளிம்பைப் பூஞ்சைக்குத் தருகிறது. படத்துக்கு முன் ஒரு சிறு மேசை வைத்து, பித்தளைத் தட்டில் மலர் தூவச் செய்யலாம். கற்பூரமும் சாம்பிராணியும் உள்ளே வேண்டாம். புகைக்கரி சுவரிலும் உத்தரத்திலும் படிந்துவிடும். இதைச் சொன்னால் முகம் வாடுபவர்கள் உண்டு. வாசலில் ஏற்ற இடம் கொடுத்துவிட்டால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சுவரில் ஆணி அடிப்பதும், தூணில் கம்பியால் பதாகை கட்டுவதும் கூடவே கூடாது. பதாகைக்குத் தனியே நிற்கும் மூங்கில் சட்டம் இரண்டு செய்துவைத்தால் பல ஆண்டுகளுக்கு ஆகும். இரும்பு நாற்காலிகளின் கால்களுக்குத் துணி சுற்றுங்கள். முடிந்தவரை பாயும் சமுக்காளமும் விரித்துத் தரையில் அமரவைப்பது நல்லது. ஒலிப்பெட்டியைப் பூச்சு தளர்ந்த சுவருக்கு அருகில் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: பணம்

சிறு நிகழ்வுகளுக்குப் பெருஞ்செலவில்லை. எங்கள் வாசிப்பு மாலைகளின் செலவு சுக்குக் காப்பியோடு முடிந்துவிடும். ஓடு மாற்றும் நாளுக்கும் பொங்கலுக்கும் மட்டும் நன்கொடை திரட்டுகிறோம். ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு கொடுத்து, வரவுசெலவை வாசல் பலகையில் ஒட்டுகிறோம். நன்கொடையாளரின் பெயர்ப் பலகை வீட்டு முகப்பை மறைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பொன்னாடை போர்த்தி மட்டும் அனுப்புவது நம் ஊர்களில் படிந்துவிட்ட தவறான பழக்கம். ஒரு நாள் வேலையை விட்டு வருபவருக்கு ஒரு நாள் கூலியும் பயணச் செலவும், நிகழ்வு முடிந்த உடனே, உறையிலிட்டுக் கையில் தர வேண்டும்.

ஏழாம் படி: நிகழ்வு நாள்

தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் குழுவினர் வந்துவிட வேண்டும். முதல் வேலை, வீட்டின் ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம் எடுப்பது. சுவர், தரை, தூண் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பிறகு வாசலில் இருவர், கூடத்தில் ஒருவர், மாடிப்படியின் அடியில் ஒருவர், கொல்லைக் கதவில் ஒருவர் என்று ஆளை நிறுத்துங்கள். வாசலில் நிற்பவரிடம் எண்ணிக்கைப் பொறுப்பு. முதல் படியில் தீர்மானித்த எண் நிறைந்ததும், அடுத்து வருபவரைத் திண்ணையில் அமரவைத்து, ஒரு குழு வெளியே வந்தபின் உள்ளே அனுப்ப வேண்டும். காத்திருப்பவரோடு பேச ஒருவர் திண்ணையிலேயே இருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. முதன்மை விருந்தினர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அவரோடு வரும் கூட்டத்துக்கும் இதே எண்தான்.

மேடைப் பேச்சைக் குறையுங்கள். வரவேற்புக்கு ஐந்து நிமிடம், அதில் தீ நேர்ந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மீதி நேரம் வீட்டுக்கும் வந்தவர்களுக்கும் உரியது. உணவு தருவதானால் கொல்லையிலோ தெருவிலோ வாழையிலையில் தாருங்கள். சிந்திய ஒரு துளிக் குழம்பு ஓர் இரவில் எறும்பையும் ஒரு வாரத்தில் எலியையும் அழைத்து வரும்.

எட்டாம் படி: மறுநாள் காலை

நிகழ்வு முடிந்த இரவே பெருக்கித் துடைத்துவிட்டாலும், மறுநாள் காலை வெளிச்சத்தில் இருவர் போய் வீட்டை மீண்டும் பார்க்க வேண்டும். முதல் நாள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அறை அறையாக நின்று ஒப்பிடுங்கள். புதிய கீறல், கறை, பெயர்ந்த பூச்சு எதுவாயினும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி, காப்பாளரின் கையெழுத்தையும் பெறுங்கள். சிறியது என்று மறைக்க வேண்டாம். நாமாகச் சொன்ன சேதத்துக்கு மன்னிப்பு உண்டு, பிறர் கண்டுபிடித்த சேதத்துக்கு அடுத்த ஆண்டு அனுமதி இராது. பூட்டிவைத்த பொருள்களைப் பட்டியலோடு சரிபார்த்து, அவற்றின் இடத்தில் திரும்ப வையுங்கள். இரவல் பொம்மைகளும் பழம்பொருள்களும் மூன்று நாள்களுக்குள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

பதிவு செய்த குரல்களை அன்றே இரண்டு இடங்களில் நகலெடுத்து, பேசியவரின் பெயர், ஊர், நாள் குறித்து, பேசியவர் வீட்டுக்கும் ஒரு படியைக் கொடுத்துவிடுங்கள். கடைசியாக வருகைப் பதிவேட்டைத் திறந்து, புதிய பெயர்களை எண்ணி, நிகழ்வின் பெயரை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த சில வாரங்களில், நிகழ்வு இல்லாத ஒரு சாதாரண நாளில், அதே பெயர்களில் எவை மறுபடியும் அந்தப் பக்கங்களில் வருகின்றன என்று பார்த்துக்கொண்டே இருங்கள். எங்கள் பதிவேட்டில் மோர் குடிக்க வந்தவரின் பெயர் அவ்வாறு பதினொரு முறை இருக்கிறது. கடைசி இரண்டு முறையும் அவர் பெயருக்குக் கீழே கோணல்மாணலான எழுத்தில் அவருடைய பேத்தியின் பெயரும் இருக்கிறது.